25 மணி நேர நாள்கள்

வணக்கம் நேயர்களே. கப்பலில் போய் வந்தோம் என்று யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி, "எந்தெந்த ஊர் பார்த்தீங்க?" என்பதுதான். நடுவில் ஊரே கிடையாது. இங்கிலாந்தில் சவுதாம்ப்டனில் ஏறினோம், நியூயார்க்கில் இறங்கினோம். 7 இரவு, 6 முழுப் பகல், சுற்றிலும் வட அட்லாண்டிக் கடல். "பொழுது எப்படிப் போச்சு?" என்பார்கள் அடுத்து. அந்த 6 பகலைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மகள் லண்டனில், மகன் நியூஜெர்சியில். ஓய்வூதியப் பணத்தில் சேர்த்து வைத்து, ஒரு ஜூன் மாதம் நானும் என் மனைவியும் குவீன் மேரி 2 கப்பலில் ஏறினோம். 2004 ஜனவரியில் முதல் பயணம் போன கப்பல். நீளம் 345 மீட்டர். எக்ஸ்பிரஸ் ரயில் பெட்டிகள் 14, 15-ஐக் கோத்து நிறுத்தினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. உள்ளே பெரிய நூலகம், கோளரங்கம், நாய்களுக்குக்கூடத் தனி இடம் உண்டு. அதையெல்லாம் விளம்பரத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது கடிகாரம் பற்றி.

மேற்கே போகும் அந்தப் பயணத்தில் 5 இரவுகள், படுக்கப் போகும்முன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். அதாவது 5 நாள்களுக்கு, நாளொன்றுக்கு 25 மணி நேரம்! பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுற்றுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மேற்கே 15 பாகை தள்ளிப் போனால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அந்தத் தூரத்தைத்தான் கப்பல் மெல்ல மெல்ல ஓடிப் பிடிக்கிறது. விமானம் அந்த 5 மணி நேரத்தையும் ஒரே மூட்டையாகத் தலையில் இறக்கிவிடும். தூக்கம் கெடும், பசி கெடும். கப்பலோ குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறது.

என் மனைவி மட்டும் தன் கைக்கடிகாரத்தைத் தொடவே இல்லை. அதில் திருச்சி நேரம். காலை 6 மணிக்கு என் மாமியார் வாசல் தெளிக்க வருவார். ஏறிய அன்று அந்த 6 மணி எங்களுக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை. கடைசி இரவில் அதே 6 மணி, எங்களுக்கு இரவு எட்டரை. சாப்பாட்டு மேசையில் சூப் வைத்திருக்கிறார்கள். இவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறாள். "ஏங்க, அம்மா இப்பக் கோலப்பொடி டப்பாவை எடுத்திருப்பாங்க" என்றாள். உலகம் எவ்வளவு பெரிது என்பது எனக்கு அந்த மேசையில்தான் புரிந்தது. விமானத்தில் அது புரியவே புரியாது நேயர்களே.

பகலில் என்ன செய்தோம்? நடந்தோம். தளத்தை 3 முறை சுற்றினால் 1.1 மைல். நடந்து முடித்துச் சாய்வு நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கடலைப் பார்ப்போம். மத்தியானம் 12 மணிக்கு ஒலிபெருக்கியில் கேப்டன் பேசுவார்: எங்கே இருக்கிறோம், என்ன வேகம், அடியில் எவ்வளவு ஆழம். ஒரு நாள் 3,800 மீட்டர் என்றார். டைட்டானிக் கிடப்பதும் ஏறத்தாழ அந்த ஆழத்தில்தான். நம் தொட்டபெட்டாவை அங்கே இறக்கி வைத்தால், உச்சிக்கு மேல் இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். நாற்காலிக்குக் கீழே அவ்வளவு தண்ணீர்!

நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் வந்ததும் பனிமூட்டம். வடக்கிலிருந்து வரும் லாப்ரடார் குளிர் நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் வெந்நீரோட்டமும் சந்திக்கிற இடம் அது. கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் கடல் இல்லை, வானம் இல்லை, எல்லாம் வெள்ளை. கம்பியில் முத்து முத்தாக நீர். 2 நிமிடத்துக்கு ஒருமுறை கப்பல் சங்கு ஊதுகிறது. அதில் ஒரு சங்கு, பழைய குவீன் மேரி கப்பலிலிருந்து எடுத்து வந்து பொருத்தியது. அந்த ஓசை காதில் கேட்பதற்கு முன் நெஞ்சுக்கூட்டில் அதிரும். பனி விலகும்வரை நாங்கள் உள்ளே போகவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் ஆயிற்று என்று சைகை காட்டுகிறார்கள். சாப்பாடு பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், விட்டுவிடுகிறேன். வாந்தி, தலைசுற்றலுக்குப் பயப்படுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஏற்ற இறக்கப் பலகை (சீசா) விளையாட்டில் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் குறைவு, அதே கணக்குத்தான். ஜூனிலும் கம்பளிச் சட்டை வேண்டும். கடைசி நாள் விடியுமுன் எழுந்து மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். நியூயார்க் துறைமுக வாயிலில் இருக்கும் வெரசானோ பாலத்துக்கு அடியில் கப்பல் நுழையும்போது, புகைபோக்கி இடித்துவிடும் என்றே தோன்றும். பாலத்துக்காகவே அதைக் குட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். என் மனைவி அதற்கும் ஒருமுறை வாட்சைப் பார்த்துக்கொண்டாள். வணக்கம்.