ஆன்லைன் பயிற்சி முடித்தும் வகுப்பறை மாறவில்லையா? ஒரு கோஆர்டினேட்டரின் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருகிறேன். ஓசூர் பக்கம் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் வேலை பார்க்கும் மேடம் ஒருவர் அனுப்பியிருக்கிறார். பல வருடம் கணக்கு டீச்சராக இருந்தவரை இந்த ஜூனில் ஆறாவது முதல் எட்டாவது வரைக்கும் அகடமிக் கோஆர்டினேட்டர் ஆக்கியிருக்கிறார்கள். இப்போதும் ஒரு செக்‌ஷனுக்குக் கணக்கு எடுக்கிறாராம். அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன்: "சார், பள்ளித் தலைமை பற்றி ஆன்லைனில் கிடைத்த கோர்ஸ் எல்லாம் முடித்துவிட்டேன், சர்டிபிகேட் நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்தால் அந்த டீச்சரிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவர்களும் என்னை பிரின்சிபால் அனுப்பிய ஆளாகத்தான் பார்க்கிறார்கள். அடுத்து எந்தக் கோர்ஸ் சேரலாம், காசு கட்டிச் சேர்ந்தால் பிரயோஜனம் உண்டா?"

மேடம், இப்போதைக்கு அடுத்த கோர்ஸ் எதிலும் சேராதீர்கள். ஏற்கெனவே முடித்ததில் ஒன்றே ஒன்றை எடுத்து உங்கள் பள்ளிக்குள் வேலை செய்ய வையுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

முதலில் இந்த 50 மணி நேரக் கணக்கு. நிறைய பேர் அதைத் துரத்தித்தான் கோர்ஸ் மேல் கோர்ஸாக முடிக்கிறார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியர்களுக்கு வருடம் 50 மணி நேரத் தொடர் பயிற்சி என்று சொல்கிறது, பள்ளியை நடத்துகிறவர்களுக்கும் அதே அளவு கேட்கிறது. அவர்களுக்கு நிர்வாகம் மட்டும் போதாது, பாடமும் கற்பிக்கும் முறையும் அதில் வர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, ஆனால் உங்களுடையது சிபிஎஸ்இ பள்ளி, அதனால் வாரியம் சொல்வதுதான் உங்களுக்குக் கணக்கு. வாரியம் அந்த 50ஐ இரண்டாகப் பிரித்திருக்கிறது. 25 மணி நேரம் வாரியமோ அரசுப் பயிற்சி நிறுவனமோ நடத்துவது, மீதி 25 பள்ளிக்குள்ளேயோ பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்தோ நீங்களே நடத்திக்கொள்வது. (எதெல்லாம் கணக்கில் சேரும் என்பதை அந்தந்த வருடச் சுற்றறிக்கையில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.) உங்களுக்கு உண்மையான வாய்ப்பு அந்த இரண்டாவது 25 மணி நேரத்தில்தான் இருக்கிறது. அதைத்தான் பல பள்ளிகளில் யாரையாவது கூப்பிட்டு ஒரு நாள் பேச வைத்து, போட்டோ எடுத்து முடித்துவிடுகிறார்கள்.

ஆன்லைன் கோர்ஸை நான் குறைத்துப் பேசவில்லை. டெல்லியில் நீபா என்ற கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனத்துக்குள் 2012ல் தேசியப் பள்ளித் தலைமை மையம் வந்தது. அவர்களுடைய ஆன்லைன் பாடங்கள் இலவசம், வேலை பார்த்துக்கொண்டே நம் வேகத்தில் படிக்கலாம், தன்னை வளர்த்துக்கொள்வது, கற்றல் கற்பித்தலை மாற்றுவது, குழுவாக வேலை வாங்குவது, பெற்றோரோடும் ஊரோடும் சேர்ந்து நடப்பது என்று நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டமான நிஷ்தாவும் அப்படித்தான். 2019ல் நேரடிப் பயிற்சியாக ஆரம்பித்தது, கொரோனா வந்ததும் 2020 அக்டோபரில் திக்‌ஷா என்ற அரசின் ஆன்லைன் பாடத் தளத்துக்கு மாறியது. மலையில் இருக்கும் ஒரு பள்ளியின் ஹெச்எம் கீழே இறங்காமலேயே டெல்லியில் தயாரான பாடத்தைப் படிக்க முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஸ்டாஃப் ரூமில் அது எப்படி நடந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன் டிபன் பாக்ஸ் மேல் சாய்ந்து நிற்கும், வீடியோ சத்தமில்லாமல் ஓடும், டீச்சர் கையில் சிவப்புப் பேனா, முன்னால் நாற்பது நோட்டு. கடைசியில் வினாடி வினாவில் 70 சதவீதம் வந்தால் சர்டிபிகேட், விடைகள் வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்கெனவே வந்திருக்கும். இதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு நாளைக்கு ஆறு பீரியட் எடுத்து, சப்ஸ்டிட்யூஷன் பார்த்து, பஸ் டியூட்டியும் செய்கிறவரிடம் பயிற்சிக்கென்று நேரம் ஒதுக்காமல் கடைசித் தேதியை மட்டும் கொடுத்தால் வேறு எப்படி நடக்கும்?

இது ஆன்லைனா நேரடியா என்ற சண்டையும் இல்லை. பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்த 60 ஆய்வுகளைச் சேர்த்து 2018ல் வெளியான ஒரு தொகுப்பில், ஒரு பயிற்றுநர் ஆசிரியரின் வகுப்பைப் பார்த்து அவரோடு தொடர்ந்து பேசிப் பயிற்சி கொடுப்பது கற்பிக்கும் முறையை நன்றாகவே மாற்றுகிறது என்று வந்தது, அது ஆன்லைனில் நடந்தாலும் நேரில் நடந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவில் தொடக்கப் பள்ளிகளில் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு சோதனை செய்தார்கள். சில பள்ளிகளுக்குப் பயிற்றுநர் நேரில் போனார், சில பள்ளிகளுக்கு டேப்லெட்டும் போனும் வழியாக வந்தார். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவதில் நேரடிப் பக்கம் நல்ல முன்னேற்றம், ஆன்லைன் பக்கம் அதில் பாதிகூட இல்லை. வாசிப்பில் நேரடிக்கு முன்னேற்றம் இருந்தது, ஆன்லைனுக்கு எதுவுமே இல்லை. கருவி சரியாகத்தான் வேலை செய்தது. ஆள் நேரில் வரும்போது ஆசிரியருக்குக் கிடைக்கும் ஆதரவும், செய்து காட்ட வேண்டும் என்ற பொறுப்பும் திரை வழியாக அந்த அளவுக்கு வரவில்லை என்றுதான் ஆய்வு செய்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது: அந்த ஆசிரியரின் வகுப்பை ஒருவர் தொடர்ந்து பார்த்துப் பேச வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர் அதைச் செய்வது கஷ்டம். நீங்கள் அதே கட்டிடத்தில் இருக்கிறீர்கள்.

நம் நாட்டிலேயே ஒரு உதாரணம் சொல்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் 1,774 பள்ளிகளில் நிர்வாகத்தைச் சரிசெய்ய ஒரு பெரிய திட்டம் நடந்தது. ஒவ்வொரு பள்ளியையும் மதிப்பிட்டார்கள், தரம் கொடுத்தார்கள், அந்தப் பள்ளிக்கென்றே மேம்பாட்டுத் திட்டம் எழுதினார்கள். மதிப்பீடு கிட்டத்தட்ட எல்லாப் பள்ளியிலும் ஒழுங்காக முடிந்தது. ஆனால் பள்ளி நடக்கும் விதத்திலோ பிள்ளைகள் படிப்பிலோ எந்த மாற்றமும் இல்லை என்று ஆய்வில் வந்தது. அப்படியிருந்தும் வெற்றி என்று எடுத்துக்கொண்டு நாடு முழுக்க 6 லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு விரித்தார்கள். பேப்பர் வேலை முழுதாக முடிந்தால் வேலையே முடிந்த மாதிரி ஒரு நிறைவு வந்துவிடுகிறது, உங்கள் சர்டிபிகேட்டும் அந்த நிறைவைத்தான் தருகிறது.

இப்போது நீங்கள் கேட்ட நிஜமான கேள்வி, வகுப்பு பார்த்துவிட்டு என்ன பேசுவது. ஏழாவதில் பின்னம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரையை நான்கால் வகுக்கச் சொல்லி, டீச்சர் போர்டில் போட்டுக் காட்டிவிட்டு "புரிஞ்சுதா?" என்கிறார், நாற்பது பேரும் "புரிஞ்சுது மிஸ்" என்று ராகம் போட்டுச் சொல்கிறார்கள். பள்ளி கொடுத்திருக்கும் அப்சர்வேஷன் படிவத்தில் நீங்கள் என்ன எழுதுவீர்கள்? குரல் நன்று, போர்டு சுத்தம், வகுப்புக் கட்டுப்பாடு நன்று, நேரத்தைக் கவனிக்கவும். இதைக் கொடுத்தால் டீச்சர் "ஓகே மேடம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார், அவர் கையில் எதுவும் மிஞ்சாது.

அதற்குப் பதிலாக அந்தப் படிவத்தை மூடி வையுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் டீச்சர் கேட்ட கேள்விகளை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை எழுதுங்கள், பக்கத்தில் யார் பதில் சொன்னது என்று எழுதுங்கள். பிள்ளைகள் கணக்குப் போடும்போது எழுந்து போய் நாலைந்து நோட்டைப் பாருங்கள். கடைசி பெஞ்சில் ஒரு பையன் விடையை இரண்டு என்று எழுதியிருப்பான். அன்றைக்கே, டீ பிரேக்கிலோ ஃப்ரீ பீரியடிலோ, டீச்சரிடம் அந்தத் தாளைக் காட்டி "மிஸ், இவனுக்கு எட்டில் ஒன்று வரவேண்டிய இடத்தில் இரண்டு வந்திருக்கிறது, எப்படி யோசித்திருப்பான்?" என்று கேளுங்கள். அவர் உடனே சொல்லிவிடுவார், வகுக்கவில்லை, பெருக்கிவிட்டான் என்று. பேச்சு இப்போது பையனைப் பற்றிப் போகிறது, டீச்சரைப் பற்றி இல்லை. அப்புறம் "இந்த மாதிரி இன்னும் எத்தனை பேர் என்று பீரியட் முடிவதற்குள் தெரிந்துகொள்ள என்ன செய்யலாம்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். எல்லோரும் ரஃப் நோட்டில் விடையைப் பெரிதாக எழுதித் தூக்கிக் காட்டட்டும் என்று அவரே சொல்லலாம். சரி, அந்த ஒன்று போதும். அடுத்த வாரம் நீங்கள் திரும்பப் போய் அந்த ஒன்றை மட்டும் பாருங்கள். திரும்பப் போவதுதான் ரொம்ப முக்கியம், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

உங்களை வேவு பார்க்கிறவராக நினைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முதல் வேலை, உங்கள் கணக்கு வகுப்புக்கு அவர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் எழுதட்டும், நீங்கள் கேளுங்கள். இரண்டாவது, பிரின்சிபாலிடம் பேசி, இந்தத் தாள் இன்க்ரிமென்ட் பேச்சுக்கோ அப்ரைசல் ஃபைலுக்கோ போகாது என்று அவர் வாயால் ஸ்டாஃப் மீட்டிங்கில் சொல்ல வையுங்கள். அவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வகுப்பு பார்ப்பதைத் தள்ளிப்போட்டுவிட்டு, நோட்டுகளை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள், பயம் இருக்கும் இடத்தில் யாரும் தன் தடுமாற்றத்தைக் காட்ட மாட்டார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ராபின்சன் குழு 2008ல் தலைமை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பிள்ளைகள் கற்றலோடு அதிகம் ஒட்டி வந்தது ஆசிரியர்கள் கற்றுக்கொள்வதை ஊக்குவித்து, தானும் அவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் தலைமைதான். அதன் அளவு 0.84 (விளைவு எவ்வளவு பெரிது என்று இப்படிப்பட்ட ஆய்வுகளில் சொல்லும் எண்). இலக்கு வைப்பது, கற்பித்தலை மேற்பார்வை பார்ப்பது எல்லாம் அதில் கிட்டத்தட்ட பாதிதான்.

ஆன்லைன் கோர்ஸ் இங்கேதான் உதவும். முடித்ததில் பின்னூட்டம் கொடுப்பது பற்றியோ கேள்வி கேட்பது பற்றியோ ஒரு பகுதி இருக்கும். ஏழாவது எடுக்கும் மூன்று நான்கு டீச்சர்களுக்கு ஒரே ஃப்ரீ பீரியட் வருகிற மாதிரி டைம்டேபிளில் கேட்டு வாங்குங்கள். பத்து நிமிடம் அந்த வீடியோவைப் போட்டு நிறுத்துங்கள், மீதி நேரம் இந்த வாரத்து நோட்டுகளை நடுவில் வைத்துப் பேசுங்கள். தேதி, வந்தவர்கள், பேசியது, செய்யப்போவது இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் பள்ளிக்குள் நடத்தும் 25 மணி நேரத்துக்கு அதுவே பதிவு. அரசுப் பள்ளி ஹெச்எம் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், ஈராசிரியர் பள்ளியில் நீங்களே வகுப்பும் எடுத்து எமிஸ் என்ற அரசின் பள்ளித் தகவல் தளத்தில் பதிவும் பார்க்கிறீர்கள், உங்களுக்குக் குழுவென்று ஆள் கிடையாது. சுற்றியுள்ள பள்ளிகள் சேரும் குறுவள மையக் கூட்டத்தில் பக்கத்துப் பள்ளி ஹெச்எம் ஒருவரைப் பிடித்து இரண்டு பேராக இதை ஆரம்பிக்கலாம்.

கடைசியாகக் காசு கட்டும் கோர்ஸ். சேர்வதற்கு முன்னால் அவர்களுக்குப் போன் போட்டு, "நான் ஒரு டீச்சரோடு பேசிய ஆடியோவை அனுப்பினால் கேட்டுவிட்டு யாராவது எனக்குத் திருத்தம் சொல்வீர்களா, கடைசி வரைக்கும் ஒரே ஆள்தானா, ஒரு பேட்சில் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். சொல்வோம், இருபது பேர்தான், ஒரே ஆள்தான் என்றால் யோசித்துச் சேருங்கள், முடிந்தால் பள்ளியையே கட்டச் சொல்லுங்கள். வீடியோவும் வினாடி வினாவும்தான் என்றால் அது உங்களுக்கு ஏற்கெனவே இலவசமாகக் கிடைத்துவிட்டது. ஆடியோ அனுப்புவதாக இருந்தால் அந்த டீச்சரிடம் முதலில் அனுமதி வாங்குங்கள், பிள்ளைகள் பேர் அதில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வகுப்பை வீடியோ எடுக்க வேண்டாம்.