விறகு பொறுக்கிய கை

அன்பான வானொலி நேயர்களே, இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் உங்கள் அனைவருக்கும் என் வாழ்த்துகள்.

வெளிநாட்டு மிஷன் பயணத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். கூட்டங்கள் எத்தனை நடந்தன, எவ்வளவு பேர் வந்தார்கள் என்பதையெல்லாம் ஊழிய அறிக்கைகளில் எழுதிவிடுகிறோம். பாத்திரம் கழுவியதையும் பெஞ்சு தூக்கியதையும் யாரும் எழுதுவதில்லை. எனக்குக் கிடைத்த சந்தோஷத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. அதனால் இன்று அதைப் பற்றியே பேசுகிறேன்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. பவுல் போன கப்பல் புயலில் உடைந்து, அதிலிருந்த 276 பேரும் மெலித்தா தீவில் கரை ஏறுகிறார்கள். மழை, குளிர். முன்பின் தெரியாத தீவு மக்கள் நெருப்பு மூட்டி எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் காட்டிய அன்பு கொஞ்சமல்ல என்று லூக்கா எழுதுகிறார். அப்போது பவுல் என்ன செய்கிறார் தெரியுமா? விறகு பொறுக்குகிறார். அந்த விறகிலிருந்து வந்த பாம்பு அவர் கையைக் கவ்வியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முந்தின அந்த விறகை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தீவின் தலைவர் புபிலியுவின் தகப்பனைப் பவுல் குணமாக்கியது அதற்கு அப்புறம்தான். அந்தத் தீவில் பவுல் செய்ததாக வேதம் முதலில் சொல்வது, அடுத்தவர் மூட்டிய நெருப்புக்கு நாலு குச்சி கொண்டுவந்து போட்டதைத்தான்.

மிஷன் பயணம் போகிற ஒவ்வொரு குழுவும் இந்த இடத்தை வாசித்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் எண்ணம். நெருப்பு அங்கே ஏற்கெனவே எரிகிறது. அந்த ஊர்ச் சபை நமக்கு முன்பே இருக்கிறது, நாம் திரும்பிய பின்னும் இருக்கப்போகிறது. எங்கள் குழு முதல் முறை போனபோது, மணிவாரியாக அட்டவணை போட்டு எடுத்துக்கொண்டு போனோம். அந்தச் சபையின் போதகர் அதைப் பொறுமையாக வாசித்துவிட்டு, "நாளைக்குக் காலையில் ஆலயச் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம், வருகிறீர்களா?" என்று கேட்டார். போனோம். ஏணியின் மேல்படியில் ஒருவர், கீழே வாளியோடு ஒருவர், நடுவில் கைமாற்றிக் கொடுக்க நாங்கள். பேசப் பொதுவான மொழி கிடையாது. மத்தியானத்துக்குள் அவர்களுடைய பாடல்களில் ஒன்றை எங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் கூட்டம் நடத்தினாலும் கிடைக்காத நெருக்கம் அந்த ஒரு சுவரில் கிடைத்தது.

அங்கே நாங்கள் வாசிப்புக் கண்ணாடி கொடுத்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாற்பது வயதைத் தாண்டும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நெகிழ்வு குறைந்து, கிட்டத்தில் இருக்கிற எழுத்து மங்கத் தொடங்குகிறது. இது ஏறக்குறைய எல்லோருக்கும் வருவது. சரியான பவரில் சாதாரண வாசிப்புக் கண்ணாடி ஒன்று போதும். அது எளிதில் கிடைக்காத ஊரில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்கூடப் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். ஒரு வயதான தாயார் வந்து உட்கார்ந்தார். குறைந்த பவரிலிருந்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். நான்காவது கண்ணாடியில் அவர் கை நின்றது. தன் பைக்குள்ளிருந்து வேதாகமத்தை எடுத்து, விரலை வரிமேல் வைத்து, சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் அது வேதாகமத்தின் சங்கீதங்களில் ஒன்று என்று தெரிந்தது. அந்த ஏற்ற இறக்கத்தை எந்த மொழியிலும் அடையாளம் கண்டுகொள்ளலாம். அவர் முழுவதையும் வாசித்து முடிக்கும்வரை நாங்கள் அடுத்தவரைக் கூப்பிடவில்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1715-ல் அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்ததற்குப் பின்னால் அந்த மணல் இருக்கிறது. சில வாரங்கள் மட்டும் தங்குகிற நமக்கு அவ்வளவு முடியாது. நன்றி, தண்ணீர், மன்னியுங்கள், உங்கள் பெயர் என்ன, இந்த நாலைந்து சொற்களைப் பிள்ளைகளிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். பிள்ளைகள் நல்ல ஆசிரியர்கள். உச்சரிப்பு சரியாக வரும்வரை விடமாட்டார்கள், வந்ததும் கைதட்டுவார்கள்.

மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சாட்சி சொல்வதும் ஓர் இன்பமான அனுபவம். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் கேட்கிறவர்களின் முகத்தைப் பார்க்கலாம். நம் வார்த்தை இன்னொருவருடைய குரலில் அவர்களிடம் போய்ச் சேர்வதைக் கண்ணால் காணலாம். எங்களுக்கு மொழிபெயர்த்த தம்பி சில இடங்களில் நான் சொன்னதைவிட நீளமாகப் பேசினார். ஏன் என்று பிறகு கேட்டேன். "இங்கே இருப்பவர்களுக்கு விளங்கும்படி ஓர் உதாரணம் சேர்த்தேன் அண்ணா" என்றார். அந்த உதாரணத்தால்தான் கூட்டத்துக்கு விஷயம் பிடிபட்டது என்று போதகர் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் அந்தத் தம்பியோடு உட்கார்ந்து, மறுநாள் பேசப்போவதை இருவருமாகத் தயாரித்தோம்.

ஜெப வேளையில் எல்லோரும் அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்போம். எந்தக் குரல் யாருடையது என்று தெரியாது. முடிவில் "ஆமென்" மட்டும் ஒன்றாகச் சேர்ந்து வரும். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

ரோமருக்கு எழுதின நிருபத்தின் 16-ஆம் அதிகாரம் பெயர்களால் நிறைந்தது. பெபேயாள், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா. அவர்களோடு ரூபுவின் தாய். அவரைத் தனக்கும் தாய் என்கிறார் பவுல். முன்பெல்லாம் அந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிப் போவேன். இப்போது நிறுத்தி வாசிக்கிறேன். என்னிடமும் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. ஏணி பிடித்தவர், மொழிபெயர்த்த தம்பி, உச்சரிப்புத் திருத்திய பிள்ளைகள் என்று ஒவ்வொருவர் பெயரையும், அவர்கள் சொல்லிக்கொடுத்த ஒலியிலேயே அதில் எழுதி வைத்திருக்கிறேன். காலை ஜெபத்தில் தினமும் ஒரு பக்கம். இங்கே கிளம்பி வருவதற்கு முன் இன்றைய பக்கத்தைத் திறந்தேன். கண்ணாடி போட்டுச் சங்கீதம் வாசித்த அந்தத் தாயாரின் பெயர் இருந்தது.

வணக்கம்.