ரோபோவுக்குக் குரல் கொடுத்தவருக்கு என்ன சம்பளம்?

(கல்லூரி அறிவியல் கண்காட்சி நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, என்னை அன்போடு அழைத்த கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஒன்றியப் பெருந்தலைவர் அவர்களே, எவ்வளவோ வேலைக்கு நடுவிலும் வந்திருக்கிற கல்வி அலுவலர் அவர்களே, மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற தம்பிகளே, மாணவச் செல்வங்களே! எனக்கு முன் பேசிய பேராசிரியர் அம்மா அவர்கள் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியை என் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். பொன்னாடை போர்த்திய ஐயாவுக்கு நன்றி. பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று எல்லா மேடையிலும் சொல்வேன், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

'பழங்குடி மொழிகளும் ரோபோவும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்தி சொல்லப் போகிறேன். ரோபோ அங்கே என்ன செய்கிறது, பதிவு செய்த குரல் யாருக்குச் சொந்தம், நம் பாடத்திட்டத்தில் இதற்கு எங்கே இடம். அதற்கு முன் ஒரு பழமொழி. நான் எங்கே போனாலும் சொல்வதுதான்: சுவர் இருந்தால்தான் சித்திரம்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் டேனியல் போயர் என்று ஓர் இளம்பெண். ஓஜிப்வே பழங்குடியைச் சேர்ந்தவர். ஸ்கோபாட் என்று ஒரு சின்ன ரோபோ செய்திருக்கிறார். கிளி மாதிரி பிள்ளையின் தோளில் உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் 'ஹலோ' என்றால் 'பூஷூ' என்று ஓஜிப்வே மொழியில் பதில் சொல்லும். உள்ளே இருப்பது மனிதர்கள் பேசிப் பதிந்த குரல். இதற்கு முன்பே இருபது டாலருக்குள் அடங்குகிற ரோபோ பெட்டி ஒன்றை உருவாக்கி, பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்து வந்தவர் அவர்.

அதே மிச்சிகனில் மவுண்ட் பிளசன்ட் என்ற ஊரில் 1893 முதல் 1934 வரை அரசே பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி நடத்தியது. இப்படி நாடு முழுக்க இருந்த பள்ளிகளில் தாய்மொழியில் பேசினால் தண்டனை. பேசிய பிள்ளைக்கு அடி விழுந்த நாட்டில், இன்று பேசச் சொல்லி ரோபோ கொடுக்க வேண்டியிருக்கிறது!

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜேனட் வைல்ஸ் அம்மையாரின் குழு ஓப்பி என்று ஒன்று செய்தது. மரப்பலகை உடம்பு; கண்ணுக்கும் வயிற்றுக்கும் டேப்லெட் திரை. வடக்கே, நுக்குர் (Ngukurr) என்ற ஊரின் மொழி மையத்துக்குப் போனது. உள்ளூர்க்காரர்கள் பதிந்த சொற்களும் கதைகளும்தான் அதற்குள். பிள்ளை வயிற்றைத் தொட்டால் ஊர்க்காரர் குரல் கேட்கும்.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டு நிமிடம், ஐயா.

ஓர் ஊரில் பள்ளி ஆண்டு விழா. ஊர்ப் பெயர் வேண்டாம். வாசலில் ஒரு ரோபோவை நிறுத்தி, கழுத்தில் மாலை போட்டிருந்தார்கள். யாராவது எதிரே நடந்தால் சென்சார் உணர்ந்து, கையைக் கூப்பி 'வணக்கம்' சொல்லும். சிறப்பு விருந்தினர் வந்தார். வணக்கம். ஒரே கைதட்டல். பின்னால் அவருடைய டிரைவர் வந்தார். வணக்கம். டீ கொண்டுவந்த பையனுக்கும் வணக்கம். அவன் தட்டோடு திரும்பிப் போனான், அதற்கும் வணக்கம். அப்புறம் ஒரு நாய் வந்தது. நம் பண்பாடு நாய்க்கும் வணக்கம் சொன்னது. காற்று அடித்து வாழைமரத் தோரணம் ஆட ஆரம்பித்ததும் ரோபோவுக்கு ஓய்வே இல்லை. மேடையில் தலைமையாசிரியர் ஆண்டறிக்கை வாசிக்கிறார், வாக்கியத்துக்கு வாக்கியம் வாசலிலிருந்து வணக்கம். அணைக்கலாம் என்றால் சுவிட்ச் எங்கே என்று தெரிந்த மாணவன் நாடகத்துக்கு வேஷம் கட்டப் போய்விட்டான். கடைசியில் சத்துணவு ஆயா வந்தார். ரோபோ கும்பிட்டது. ஆயா நின்று, 'சாப்பிட்டியா கண்ணு?' என்று கேட்டார். அது 'வணக்கம்' என்றது. 'அதான் சொல்லிட்டியே. சாப்பிட்டியான்னு கேக்கறேன்!'

சிரிக்கிறீர்கள். ஆனால் மொழி என்பது அந்த ஆயாவின் கேள்வியில் இருக்கிறது. சுவர் இருந்தால்தான் சித்திரம். ரோபோ சித்திரம், ஆயா சுவர்.

சரி, இரண்டாவது செய்தி. நியூசிலாந்தின் வடகோடியில் கைதாயா என்ற ஊரில் தே ஹிக்கு மீடியா என்று, அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வானொலி நிறுவனம் இருக்கிறது. மாவோரிப் பேச்சைக் கணினி புரிந்துகொள்ள வேண்டும் என்று 2018-ல் மக்களைக் கேட்டார்கள். பத்தே நாளில் ஏறத்தாழ 2,500 பேர் 300 மணி நேரத்துக்கு மேல் வாசித்துப் பதிந்து கொடுத்தார்கள். அந்தக் குரலைப் பெரிய கம்பெனிகளுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. காப்பாளர் பொறுப்பு எங்களுடையது என்று தங்களுக்கென்றே ஓர் உரிமம் எழுதிக்கொண்டார்கள்.

அத்தனை பேர் வாசிக்க எப்படிக் கிடைத்தார்கள்? 1982-ல் வெலிங்டன் அருகே வைனுயோமாடாவில் தொடங்கிய மழலையர் பள்ளி இயக்கத்தை மறந்துவிடாதீர்கள். கோஹங்கா ரேயோ என்று பெயர். பாட்டிமார் கைக்குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மாவோரி மட்டுமே பேசினார்கள். கணினி வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து.

நான் கேட்பதும் அப்படிப்பட்ட பாட்டிமாரைத்தான். என்னைத் தெரிந்தவர்கள் 'ஐயா ஆரம்பித்துவிட்டார்' என்று நினைப்பீர்கள், பரவாயில்லை. நம் நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைப் பேசுவோர் சில ஆயிரம் பேர்கூட இல்லை. அங்கே அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன, பாடம் தமிழில். அந்தப் பள்ளிகளில் ஊர்ப் பாட்டி ஒருவரை, தாத்தா ஒருவரை, மொழி ஆசிரியர் என்ற பதவியில் மாதச் சம்பளத்துக்கு உட்கார வையுங்கள். பட்டம் கேட்காதீர்கள். அமெரிக்காவில் மொன்டானா மாநிலம் 1990களிலேயே இதற்கு வழி செய்தது: இவருக்கு எங்கள் மொழி நன்றாகத் தெரியும் என்று பழங்குடி மக்களே சான்று தருவார்கள், அரசு ஆசிரியர் உரிமம் கொடுக்கும். ரோபோ வாங்க நன்கொடை தர ஆள் இருக்கிறது. ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம். பாட்டிக்குச் சம்பளம் என்றால் மட்டும் கோப்பு நகர மாட்டேன் என்கிறது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது கோப்புக்கு யார் சொல்வது?

உங்கள் ரோபோக்களைக் குறை சொல்லவில்லை, தம்பிகளே. மூன்றாவது அரங்கில், பலகையைத் தட்டினால் கதை சொல்கிற யானை ஒன்று பார்த்தேன், நன்றாக இருந்தது. கதை சொன்ன குரல் யாருடையது என்று கேட்டேன், ஓர் ஆப்பில் எடுத்தது என்றார்கள். அடுத்த முறை மலைக்குப் போய், அனுமதி கேட்டு, பேசியவருக்குப் பணம் கொடுத்துப் பதிந்து வாருங்கள். பதிவின் ஒரு பிரதி அவர்கள் கையில் இருக்கட்டும்.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. பாடத்திட்டத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். முதல்வர் அவர்கள் இன்னொரு நாள் கூப்பிட்டால் பேசுகிறேன். வாசலில், புத்தக மேசைக்குப் பக்கத்தில், மொழி ஆசிரியர் பதவி கேட்டு ஒரு மனு வைத்திருக்கிறோம். பேனாவும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். ஒன்றியப் பெருந்தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டால் மகிழ்வோம். நன்றி.