போர்க்களமா? விருப்பாட்சியா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியிலே மீசையை முறுக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற அண்ணன்மார்களே, மண்டபம் கடற்கரையிலே பாயை விரிச்சு இடம் பிடிச்சிருக்கிற தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். மீன்பிடித் தடைக்காலத்திலேயும் ஒரு நன்மை இருக்கு ஐயா. 61 நாள் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். இல்லேன்னா ராத்திரி ஒன்பது மணிக்கு இத்தனை ஆம்பளைங்களை இந்தக் கரையிலே பார்க்க முடியுமா?

தலைப்பு: "வேலு நாச்சியார் திரைப்படத்துக்கு உயிர் கொடுப்பது போர்க்களமா, விருப்பாட்சியா?" விருப்பாட்சின்னா, நாட்டை இழந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியார் அடைக்கலம் புகுந்த பாளையம். இப்ப மைக் அதிரப் பேசிட்டுப் போன அண்ணன் என்ன சொன்னார்? "முதல் காட்சி காளையார்கோவில் சண்டை. கடைசிக் காட்சி சிவகங்கைச் சண்டை. நடுவிலே விருப்பாட்சியிலே இருந்த எட்டு வருஷத்தை ஒரே பாட்டிலே முடிச்சிடலாம்." கைதட்டலும் வாங்கிட்டார். ஒரே பாட்டிலே! தமிழ் சினிமாவிலே பால்காரர் பணக்காரர் ஆகிறதுக்கு ஒரு பாட்டு போதும், ஒத்துக்கிறேன். பறிபோன நாட்டை ஒரு அம்மா திரும்ப வாங்கிறதுக்குமா ஒரு பாட்டு?

சரி, அண்ணன் ஆசைப்பட்ட முதல் காட்சிக்கே போவோம். 1772 ஜூன் 25, காளையார்கோவில். ஆற்காட்டு நவாபு முகமது அலிக்காகக் கிழக்கிந்தியக் கும்பெனிப் படை வருது. நாச்சியாரோட புருஷன், சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் குண்டடிபட்டு விழுறார். அண்ணே, அது நாம தோத்த சண்டை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. நாச்சியார் அப்ப காளையார்கோவிலிலே இல்லை, கொல்லங்குடியிலே இருந்தாங்கன்னுதான் அந்தச் சீமையிலே வழிவழியாச் சொல்றாங்க. ஆக, நீங்க எடுக்கப் போற பிரமாண்டமான முதல் காட்சியிலே கதாநாயகியே கிடையாது! போஸ்டர்லே யார் முகத்தைப் போடுவீங்க?

அதே ஜூன் மாசத் தொடக்கத்திலே இன்னொண்ணு நடந்துச்சு. அதை எதிரணி தொடவே இல்லை. இங்கேயிருந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரத்திலே போய் நிக்கிற ராமநாதபுரத்துக் கதை அது. நவாபோட மகன் உம்தத்-உல்-உம்ராவும் தளபதி ஜோசப் ஸ்மித்தும் படையோட முதல்லே வந்தது ராமநாதபுரம் கோட்டைக்கு. ராமநாதபுரத்து மன்னர் சேதுபதி முத்துராமலிங்கருக்கு அப்ப வயசு பன்னிரண்டு. மகன் பேராலே நாட்டை நடத்தினது தாயார் முத்துத்திருவாயி நாச்சியார். நவாபு கேட்டதுக்கு அந்த அம்மா தலையாட்டலை. கோட்டைச் சுவரை உடைச்சு உள்ளே வந்தாங்க. தாயையும் பிள்ளையையும் கொண்டுபோய்த் திருச்சிக் கோட்டையிலே அடைச்சாங்க.

போர்க்களம்தான் உயிர்னா, கோட்டைக்குள்ளே நின்னு எதிர்த்த அந்த முத்துத்திருவாயி நாச்சியாருக்கு இந்நேரம் நாலு படம் வந்திருக்கணுமே? அவங்க பேரை இதுக்கு முன்னாடி கேள்விப்பட்டவங்க கை தூக்குங்க பார்ப்போம். ஒண்ணு, ரெண்டு... நடுவர் ஐயா, நீங்களே யோசிச்சுத்தான் தூக்கறீங்க!

அந்த அம்மா வேலு நாச்சியாருக்கு அத்தை முறை. வேலு நாச்சியார் 1730இலே பிறந்தது அந்த ராமநாதபுரத்திலே; சேதுபதி செல்லமுத்துவுக்கு ஒரே மகள். மாசத் தொடக்கத்திலே பிறந்த வீடு போச்சு. மாசக் கடைசியிலே புகுந்த வீடும் போச்சு, புருஷனும் போயிட்டார். இங்கே இருக்கிற எந்தப் பொண்ணுகிட்டேயும் கேளுங்க, புகுந்த வீட்டிலே ஒரு கஷ்டம்னா மனசு முதல்லே எங்கே ஓடும்? அம்மா வீட்டுக்குத்தானே? அந்த வாசலையும் அடைச்சிட்டாங்க. இதுக்கு ஒரு குதிரை வேணாம், ஒரு பீரங்கி வேணாம். அந்த முகத்தை மட்டும் கேமரா பார்த்தா போதும்.

இன்னொரு சங்கதி சொல்றேன். 1710இலே கிழவன் சேதுபதி இறந்தப்ப அவரோட மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினாங்கன்னு அந்தக் காலத்து ஏசு சபைப் பாதிரிமார் எழுத்திலே இருக்கு. அதே சேதுபதி குலத்திலே பிறந்த பொண்ணு இது. 62 வருஷம் கழிச்சுப் புருஷனைப் பறிகொடுத்து நிக்குது. சிதையிலே ஏறலை. மகள் வெள்ளச்சியைக் கூட்டிக்கிட்டு நூறு கிலோமீட்டருக்கு மேலே மேற்கே போகுது. அண்ணே, சண்டை அங்கேயே ஆரம்பிச்சாச்சு. உயிரோட இருக்கிறதுன்னு முடிவு பண்ணினதுதான் நாச்சியார் போட்ட முதல் சண்டை. உங்க படத்திலே அது வருமா? வராது. ஏன்னா அதிலே ரத்தம் தெறிக்காது.

திண்டுக்கல் பக்கத்திலே விருப்பாட்சிப் பாளையம். கோபால நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். நவாபோட கோபமும் கும்பெனிக் கோபமும் தன் வாசலுக்கு வரும்னு தெரிஞ்சே கொடுத்தார். பெரிய மருது, சின்ன மருது கூடவே இருந்தாங்க. பிரதானி, அதாவது சிவகங்கை மந்திரி, தாண்டவராய பிள்ளை வயசான மனுஷர். அவர் 1772 டிசம்பரிலே மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்கு ஒரு கடிதம் எழுதினார்: 5,000 குதிரைப்படையும் 5,000 காலாட்படையும் கொடுத்தா சீமையை மீட்டுடுவோம்னு. அதுக்கப்புறம் அந்தப் பெரியவரும் அதிக நாள் இருக்கலை. கேட்ட படையும் வரலை. அங்கே சிவகங்கைக்கு 'உசேன் நகர்'னு பேரையே மாத்திட்டாங்க.

ஏன் வரலை? ஹைதர் கல் மனசுக்காரரா? இல்லை. மராட்டியர்கிட்டே இழந்த பகுதியை மீட்கிற வேலையே அவருக்குக் கழுத்து வரைக்கும் இருந்தது. 1769இலே சென்னையிலே கும்பெனியோட ஒப்பந்தம் போட்டிருந்தார், ஒருத்தருக்கு ஆபத்துன்னா இன்னொருத்தர் துணைக்கு வரணும்னு. மராட்டியர் வந்தப்ப கும்பெனி எட்டிக்கூடப் பார்க்கலை. அந்த வஞ்சம் உள்ளே கனிஞ்சுக்கிட்டே இருந்தது. அது பழுக்கிற வரைக்கும் நாச்சியார் பொறுத்திருந்தாங்க. அந்த 5,000 குதிரை இன்னைக்கு கிராபிக்ஸிலே ஒரு வாரத்திலே வந்துடும். நாச்சியாருக்கு எட்டு வருஷம் ஆச்சு. எது கதை?

இங்கே ஒரு காட்சியைச் சொல்லியே ஆகணும். ஹைதர் அலிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெரிய சேனாதிபதி, பெரிய ராஜதந்திரி, ஆனா கடிதம் போனா இன்னொருத்தர் வாசிச்சுத்தான் காட்டணும். எழுத்திலே எவ்வளவு உருகினாலும் வாசிக்கிறவன் குரலிலேதான் அது அவர் காதுக்குப் போகும். நாச்சியாருக்கு உருது தெரியும், நேரே போய் உருதுவிலேயே பேசினாங்கன்னு வழிவழியாச் சொல்றாங்க. யோசிச்சுப் பாருங்க. ராமநாதபுரத்துப் பொண்ணு ஒண்ணு, நாடில்லாம, படையில்லாம, மைசூர்க்காரர் முன்னாடி நின்னு அவர் பாஷையிலே பேசுது. கும்பிட்டு அழலை, கணக்குச் சொல்லுது: எனக்கு உன் படை வேணும், உனக்குக் கும்பெனியோட முதுகிலே ஒரு முள் வேணும். இந்தக் காட்சியை நல்ல நடிகை ஒருத்தர் கையிலே கொடுத்தா, ஐயா, அண்ணன் சொன்ன பத்துச் சண்டைக் காட்சிக்கு அது ஈடு.

எதிரணி சொல்ற மாதிரி எடுத்தா இன்னொரு ஆபத்தும் இருக்கு. வில்லன்னா ஒரு வெள்ளைக்காரர், "ஏய் டமில் பெண்ணே"ன்னு கொழகொழன்னு பேசுவார், நாம சிரிப்போம், கடைசியிலே அவர் சாவார். அவ்வளவுதான். அந்தப் படையைச் சீமைக்குள்ளே இழுத்தது எதுன்னு கேட்டா, நவாபோட கடன். முகமது அலி கும்பெனிக்காரங்ககிட்டே கழுத்து முட்டக் கடன் வாங்கியிருந்தார். அதை அடைக்கத்தான் தெற்கே இருந்த பாளையம் பாளையமாக் கசக்கினார். எதிர்த்து வந்த நவாபும் முஸ்லிம், படை கொடுத்த ஹைதரும் முஸ்லிம். கீழக்கரையும் தொண்டியும் இருக்கிற இந்தக் கரையிலே இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனா சண்டையை மட்டும் காட்டுற படத்திலே இது எதுவும் வராது. யார் யாரை ஏன் நம்பினாங்கங்கிறது விருப்பாட்சியிலேதான் தெரியும்.

உடனே அடுத்த அண்ணன் எழுந்து "குயிலி!"ன்னு சொல்வார். நாச்சியாரோட மகளிர் படையிலே இருந்த குயிலி கதையை நானே சொல்றேன். நவராத்திரி, விஜயதசமி. சிவகங்கை அரண்மனை ராஜராஜேஸ்வரி கோவிலுக்குப் பொண்ணுங்களை விடுவாங்க. பூக்கூடைக்குள்ளே ஆயுதம். குயிலி உடம்பிலே தீயை வச்சுக்கிட்டு வெடிமருந்துக் கிடங்கிலே பாய்ஞ்சாங்கன்னு சொல்லும்போது எனக்கும் மயிர்க்கூச்செறியுது. ஆனா பாய்ஞ்சது ஒரு நிமிஷம். இன்னொருத்தருக்காக அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்கிற நம்பிக்கை ஒரு நிமிஷத்திலே வருமா? நாச்சியாரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்னு வெட்டுப்பட்டுச் செத்த உடையாள், அந்தப் பொண்ணு பேராலேயே சேர்ந்த மகளிர் படை, இதெல்லாம் அந்த எட்டு வருஷம் ஊட்டி வளர்த்தது. அதைப் பாட்டிலே அடைச்சிட்டு, குயிலியை மட்டும் ஸ்லோ மோஷன்லே காட்டினா, பார்க்கிறவன் விசிலடிப்பான். அழமாட்டான்.

"காத்திருக்கிறதை யாருய்யா டிக்கெட் வாங்கிப் பார்ப்பான்?" இதுதான் எதிரணியோட பெரிய ஆயுதம். அண்ணே, எங்கே நின்னு கேட்கிறீங்க தெரியுமா? இந்தக் கரையிலே. இலங்கைக் கடற்படை படகோட பிடிச்சுக்கிட்டுப் போனா, இங்கே இருக்கிற பொண்ணுங்க என்ன பண்றாங்க? வாள் எடுக்கிறாங்களா? கலெக்டர் ஆபீசுக்கு மனு. மந்திரிக்கு மனு. டெல்லிக்குக் கடிதம். பதில் வரும், வராது. படகு வரும், வராது. அதுக்கு நடுவிலே பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ், வட்டிக்காரருக்குப் பதில். முன்வரிசையிலே உட்கார்ந்திருக்கிற இவங்களைப் பார்த்துச் சொல்லுங்க, காத்திருக்கிறது போரடிக்கும்னு. சொல்லிட்டு மேடையை விட்டு இறங்கிப் பாருங்க!

மணி அடிச்சுட்டீங்க ஐயா, ரெண்டு நிமிஷம்.

1780 ஜூலை. ஹைதர் அலி பெரும்படையோட ஆற்காட்டு நவாபோட சீமைக்குள்ளே இறங்குறார். செப்டம்பர் 10, பொள்ளிலூர். கும்பெனிக் கர்னல் பெய்லியோட படை சிதறிப்போகுது. நவாபும் கும்பெனியும் வடக்கே முழி பிதுங்கி நிக்கிறாங்க. அந்த வருஷம்தான் நாச்சியார் மைசூர்ப் படையோட உதவியிலே திரும்பி வந்து சிவகங்கையைப் பிடிச்சாங்க. ஜான்சி ராணி 1857இலே வாள் எடுக்கிறதுக்கு 77 வருஷம் முன்னாடி. இழந்த நாட்டைத் திரும்ப வாங்கி ஆண்டாங்க. ஏன் ஜெயிச்சாங்க? 1772இலே ஆவேசப்பட்டு வாளைத் தூக்கிக்கிட்டு ஓடியிருந்தா காளையார்கோவிலிலேயே கதை முடிஞ்சிருக்கும். எதிரியோட கை இன்னொரு பக்கம் மாட்டுற நேரம் பார்த்து வந்தாங்க. அந்த நேரத்தைப் பார்க்கிற கண்தான் அவங்களோட பெரிய ஆயுதம். வளரியும் வேலும் அதுக்குப் பின்னாலேதான்.

சண்டையே வேணாம்னு நான் சொல்லலை. நானும் தியேட்டர்லே பேப்பர் கிழிச்சுப் போட்டவதான். இடைவேளைக்கு அப்புறம் ஒரு நல்ல சண்டை வையுங்க, நானும் விசிலடிக்கிறேன். கேள்வி அதில்லை. படத்துக்கு உயிர் எதுங்கிறதுதான் கேள்வி.

அடுத்து வரப்போற எதிரணி அண்ணனுக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு உட்கார்றேன். உங்க படத்திலே விருப்பாட்சியைப் பாட்டிலே முடிச்சாச்சு, ஹைதர் காட்சியை வெட்டியாச்சு, கோபால நாயக்கருக்கு வசனமே கிடையாது. அப்ப கடைசிச் சண்டையிலே நாச்சியாருக்குப் பின்னாலே அத்தனை குதிரை வருதே, அது யார் கொடுத்தது அண்ணே? அதுக்குப் பதில் சொல்லிட்டு வாளை உருவுங்க. நன்றி, வணக்கம்.