ஊஞ்சலை அடுத்த ஆண்டும் கட்டலாம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, ஆச்சிமார்களே, வணக்கம்.

‘செட்டிநாட்டுக்கு ஒரு பெரும் பூங்கா வந்தால், அதன் எதிர்காலம் பொழுதுபோக்கிலா, இயற்கையிலா?’ இதுதான் தலைப்பு. இயற்கையில்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் படகுத்துறை, பொம்மை ரயில், வண்ண நீரூற்று, புல்வெளி என்று அடுக்கினார். காரைக்குடிப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார்கள் என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் சித்திரை வெயிலில் அந்தப் புல்வெளிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? நிலத்துக்கு அடியிலிருந்துதானே? சம்பை என்னும் நிலத்தடி ஊற்று நீரைக் குடித்து வளர்ந்த ஊர் ஐயா இந்தக் காரைக்குடி! ஐப்பசி, கார்த்திகை மழையை முற்றத்தில் பிடித்து, மிச்சத்தைத் தெரு வழியே ஊருணிக்கு அனுப்பியவர்கள் நம் முன்னோர். ஊருணிக்கும் கண்மாய்க்கும் மழைநீர் கொண்டுவரும் வரத்துக்காலின் மேல் கான்கிரீட் நடைபாதை போட்டுவிட்டு, பக்கத்தில் வண்ண நீரூற்று வைப்பது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதுதான்.

இயற்கையை மட்டும் பார்க்க யார் வருவார்கள் என்றார் நண்பர். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக்குப் போய்ப் பாருங்கள். 1977 முதல் பறவைகள் சரணாலயம், பரப்பு 38.4 ஹெக்டேர்தான். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் வக்காவும் கூடு கட்டுகின்றன. குஞ்சுகள் மிரளக்கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வெடிக்கு ஏங்காத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? அந்தப் பிள்ளைகள்தாம் தலைமுறை தலைமுறையாக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நாரை சும்மாவும் இருப்பதில்லை. வயலில் இறங்கி நத்தையைத் தின்கிறது. எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் பயிருக்கு உரமாகப் பாய்கிறது. இந்த உறவை எந்த டிக்கெட் கவுன்டரில் வாங்க முடியும்?

இரண்டையும் கலந்தே வைக்கலாம் என்பது எதிரணியின் கடைசி வாதம். சென்னையில் கிண்டியைப் பாருங்கள். ஏறத்தாழ 5 சதுர கிலோமீட்டராக இருந்த காடு அது. கல்வி நிலையத்துக்கு, நினைவிடத்துக்கு என்று ஒவ்வொன்றாக வெட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு காரணமும் நல்ல காரணமே. 1978-இல் தேசியப் பூங்காவானபோது எஞ்சியது 2.7 சதுர கிலோமீட்டர். அங்கும் சிறுவர் பூங்கா ஓரமாகத் தனியே இருக்கிறது. புள்ளிமானும் வெளிமானும் உள்ளே மேய்கின்றன. அப்படிப் பிரித்து வைத்ததால்தான் இந்த மட்டிலாவது காடு தப்பியது.

ஊஞ்சலை அடுத்த ஆண்டும் கட்டலாம். செம்பூராங்கல் மண்ணில் காயா மரமும் வீரை மரமும் கூடி வளர்ந்த ஒரு புதர்க்காட்டை வழித்துவிட்டால், அதைத் திரும்பப் பார்க்க நம் ஆயுள் போதாது.

வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை வரவழைத்த ஊர் இது. பின்னால் வருபவர்களுக்காக நிலம் ஒதுக்குவது நமக்குப் புதிதல்ல.

ஆகவே நடுவர் அவர்களே, பிள்ளைகளுக்கான விளையாட்டிடம் சாலையோரத்தில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கண்மாய்க்கரைக்கு உள்ளே மின்விளக்கு, ஒலிபெருக்கி, படகு மூன்றும் கூடாது. வரத்துக்கால் எதுவும் மூடப்படக் கூடாது. கடைசியாகச் சொன்ன இந்த இரண்டு தடைகளையும் தங்கள் தீர்ப்பில் எழுத்தாகவே சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.