நீரின் ஆழம் பார்த்து நடுங்கள்: மெல்பர்ன் ஈரநிலங்களுக்கான கோரைகள்

[காட்சி: புறநகர்க் குளம், கரையோரம் அடர்ந்த பச்சை]

மெல்பர்னின் புதிய குடியிருப்புகளில் இப்படிப்பட்ட குளங்களை நிறையப் பார்க்கலாம். தெருவில் ஓடிவரும் மழைநீரை, ஓடையில் சேரும் முன் சுத்தம் செய்வதற்காக அமைத்தவை இவை. அந்த வேலையில் பெரும்பங்கு கோரைகளுடையது.

சரி, எதை எங்கே நடுவது? முதலில் தண்ணீரின் ஆழத்தைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

[படம்: கரையின் குறுக்குவெட்டு]

எப்போதாவது நனையும் மேட்டில் லொமாண்ட்ரா லாங்கிஃபோலியா, போவா லபிலார்டியேரி என்ற புல் போன்ற செடிகள். அதற்குக் கீழே, ஈரமான விளிம்பில் கேரெக்ஸ் அப்ரெஸ்ஸா என்ற கோரை. ஒரே ஒரு வகைதான் வாங்க முடியும் என்றால் இதையே வாங்கச் சொல்வேன். மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வுகளில், மழைநீரிலிருந்து நைட்ரஜனை நீக்குவதில் முன்னணியில் நின்ற செடி இது. மெல்லிய வேர்கள் மண்ணுக்குள் அடர்ந்து பரவுவதுதான் அதன் பலம்.

ஆழத்துக்கு எலியோகாரிஸ் ஸ்பாசிலேட்டா என்ற கோரை. வளர்ந்த செடி 1 மீட்டர் தண்ணீரிலும் நிற்கும். நாற்று நிற்காது! பலர் ஏமாறும் இடம் இது. குளத்துச் சேற்றில் ஆக்ஸிஜன் இல்லை. உள்ளே காற்றறைகள் கொண்ட தண்டு வழியாக இறங்கும் காற்றில்தான் வேர் சுவாசிக்கிறது. நுனி வரை மூழ்கிய நாற்று மூச்சடைத்து அழுகிவிடும். அதனால் நீர்மட்டத்தைக் குறைத்துவிட்டு வசந்தகாலத்தில் நடுங்கள். நாற்றின் பாதி உயரமாவது வெளியே தெரிய வேண்டும். செடி வளர வளரத் தண்ணீரை ஏற்றலாம்.

நட்டவுடன் வலை போடுங்கள். நம் ஊர் நீலத் தாழைக்கோழிக்கு உறவான பறவை அங்கேயும் உண்டு. இளம் நாற்றுகளை அப்படியே பிடுங்கிப் போட்டுவிடும்.

[காட்சி: ஆல்டோனா, உப்புச் சதுப்பு]

மேற்கே ஆல்டோனா கடலோரத்தின் கதை வேறு. அங்கே உப்பைத் தாங்கும் கானியா ஃபைலம் வேண்டும். ஆல்டோனா ஸ்கிப்பர் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இந்தக் கோரையைத் தின்றுதான் வளர்கின்றன. கோரை போனால் பூச்சியும் போய்விடும். அதனால் அந்தப் பக்கம் நடுகிறவர்கள் இதை விட்டுவிடக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

அதே சதுப்பில் ஜன்கஸ் அக்யூட்டஸ் என்ற வெளிநாட்டுக் களையும் பரவியிருக்கிறது. உள்ளூர் ஜன்கஸ் க்ராஸியைப் போலவே இருக்கும். ஆனால் நுனி ஊசியாகக் குத்தும். நர்சரியில் ஜன்கஸ் க்ராஸி என்று முழுப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். கானியா விதை எளிதில் முளைக்காது, நாற்றுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.