சுவரோரம் 10 மில்லிமீட்டர்

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம் வீடுகளில் சில கதவுகள் சரியாகச் சாத்தாது. நிலையில் இடித்துக்கொண்டு நிற்கும். மாசி, பங்குனியில் அதே கதவு தானாகவே சரியாகிவிடும். மழைக்காலத்தில் காற்றிலிருக்கும் ஈரத்தை மரம் இழுத்துக்கொண்டு அகலத்தில் விரிகிறது, வெயில் வந்ததும் ஈரத்தை விட்டுச் சுருங்குகிறது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்குள் மரத்தரை போடும்போது மட்டும் மறந்துவிடுகிறோம். அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

மரத்தரை போட மூன்று வழிகள் உண்டு. ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துப் பழைய பங்களாக்களில் நடந்தால் பலகை அதிரும், பார்த்திருப்பீர்கள். சட்டங்களைப் பரப்பி, அவற்றின்மேல் பலகையை ஆணியடித்துப் பொருத்திய தரை அது. இரண்டாவது, சிமெண்ட் தரையில் பசை தடவி ஒட்டுவது. மூன்றாவதுதான் இன்று அடுக்குமாடி வீடுகளில் அதிகம் நடப்பது: ஆணியும் இல்லை, பசையும் இல்லை. இருக்கிற டைல்ஸ் மேல் மெல்லிய ஃபோம் விரித்து, அதன்மேல் பலகைகளை ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொண்டே போகிறார்கள். தரை முழுக்க ஒரே விரிப்பாக, எதிலும் ஒட்டாமல் கிடக்கும். லேமினேட் என்று கடையில் விற்பது பெரும்பாலும் இப்படிப் போடுவதுதான்.

எதிலும் ஒட்டாமல் கிடக்கிறது என்றேனே, அங்கேதான் விஷயம். மழைக்காலத்தில் அந்த விரிப்பு முழுவதும் விரியும். அதற்கு இடம் வேண்டும். நான்கு பக்கமும், சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டே ஆக வேண்டும். தேக்கு மாதிரி முழு மரம் நீளவாக்கில் அசைவது மிகச் சொற்பம், அகலத்தில்தான் அசையும். லேமினேட்டின் நடுவில் இருப்பது அழுத்திய மரநார் அட்டை. அது நீளம், அகலம் இரண்டிலும் அசையும். அதனால்தான் நான்கு பக்கமும் என்கிறேன்.

சென்னையில் ஒரு வீட்டுக்கு ஒரு டிசம்பரில் என்னைக் கூப்பிட்டார்கள். படுக்கையறையின் நடுவில் தரை மேலே எழும்பியிருந்தது. காலை வைத்தால் அமுங்குகிறது, எடுத்தால் எழும்புகிறது. அடியில் குழாய் கசிகிறது என்று நினைத்து, டைல்ஸை உடைக்க ஆள் சொல்லிவிட்டார்கள். "கொஞ்சம் பொறுங்கம்மா" என்று சொல்லி, ஒரு சுவரோரம், சுவரின் அடியை மூடும் ஸ்கர்ட்டிங் பட்டையைக் கழற்றினேன். பலகை சுவரை முட்டிக்கொண்டு நின்றது. நடுவில் ஒரு தாள் நுழையாது. எதிர்ப்பக்கம் போனால், கூரை வரை உயர்ந்த அலமாரி, பலகையின் மேலேயே நிற்கிறது, சுவரோடு திருகும் போட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் அலமாரி, நடுவில் தரை எங்கே போகும்? மேலேதான் போகும். இடைவெளி விட்டால் அசிங்கமாக இருக்கும் என்று வேலை செய்தவர் சொன்னாராம். ஸ்கர்ட்டிங் வந்து மூடப்போகிற இடம் அது! சுவரோரமும் அலமாரியின் முன்னாலும் மெஷினால் சிறு கீற்று அறுத்தெடுத்தோம். இரண்டு மூன்று நாளில் தரை படிந்துவிட்டது. ஒரு பலகைகூட மாற்றவில்லை, டைல்ஸும் பிழைத்தது.

ஆகவே கனமான அலமாரியை முதலில் நிறுத்துங்கள், பிறகு அதுவரை தரையைப் போட்டு, அங்கேயும் அந்த இடைவெளியை விடுங்கள். கதவு நிலையின் காலை அடியில் கொஞ்சம் அறுத்துவிட்டால் பலகை உள்ளே நுழைந்துகொள்ளும். பலகையும் ஃபோமும் சேர்ந்து தரை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். கதவின் அடியையும் இழைக்க வேண்டிவரும். இதை முன்கூட்டியே ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், வேலை தொடங்கும் முன்பே முடிவாகிற சில விஷயங்கள். பலகைப் பெட்டிகளைப் பிரிக்காமல், போடப்போகிற அறையிலேயே 48 மணி நேரம் படுக்கவைக்க வேண்டும். அந்த அறையின் காற்றுக்கு மரம் பழகட்டும். புதுச் சிமெண்ட் தரையாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் கழித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் நீர் முத்து முத்தாய் நின்றால் தரை இன்னும் காயவில்லை, காத்திருங்கள். மட்டப்பலகை வைத்துப் பார்த்து, பள்ளம் இருந்தால் முதலில் அதை நிரப்பிவிட வேண்டும். பள்ளத்தின் மேல் மாட்டிய கொக்கி நடக்க நடக்க உடைந்துபோகும்.

அறையின் அகலத்தையும் முதலிலேயே அளந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் இரண்டு விரல் அகலத் துண்டுதான் மிஞ்சும் என்றால், முதல் வரிசைப் பலகையையே கொஞ்சம் அறுத்து, இரண்டு ஓரத்தையும் சமமாக்கிவிடலாம். அடுத்தடுத்த வரிசைகளில் பலகை முடியும் இடம் ஒரே நேர்க்கோட்டில் வராமல், குறைந்தது ஒரு அடி தள்ளி வரட்டும். செங்கல் கட்டும்போது செய்வதுதான்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கரையான் பற்றியும் பாலிஷ் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாக: தரைத்தள வீடாக இருந்தால் கரையான் மருந்தடித்த பிறகே மரத்தரை. பாலிஷ் முழு மரத்துக்கு மட்டும். லேமினேட்டை இழைக்கவோ பாலிஷ் போடவோ முடியாது. வாளி நீரை ஊற்றிக் கழுவாதீர்கள், நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். குளியலறையையும் சமையலறையையும் டைல்ஸாகவே விட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.